அண்ணன் சொன்ன வண்டி

அப்பாவின் காட்டில் ஒரு துண்டை விற்றபோது அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னது அண்ணன்தான். வேறு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சரவணம்பட்டியைத் தாண்டி சத்தி ரோட்டோரமாகக் கிடந்த மேட்டு நிலங்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்துவிட்டது. எங்கள் துண்டைக் கல்லூரி கட்டுவதற்கென்று ஓர் அறக்கட்டளை வாங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்கள் கல்யாணத்தின்போது சீர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் எப்போதாவது கூப்பிட்டால் பத்திர ஆபீசுக்கு வந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். வாசலில் அண்ணி வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு சிங்காநல்லூர் பஸ் ஏறினேன். மறுநாள் பீளமேட்டில் கல்லூரியில் பாடம் எடுக்கும்போது அந்த நினைப்பே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"உன்ற பங்கு கண்ணு."

"எனக்கெதுக்குங்ணா? நாந்தான் சீரு வாங்கிட்டுப் போயிட்டனே."

"சீரு அப்பன் குடுத்தது. இது காடு குடுக்கறது. ரெண்டும் வேற."

என் கணவர் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தார். அவர் ஒரு நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தார். எதையும் நிறுத்துப் பார்க்காமல் பேசமாட்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. பேங்குல போடு, பத்திரம் வாங்குன்னு நீங்க ஒண்ணும் சொல்லப்படாது. அவ ஆசைப்பட்டது ஒண்ணு வாங்கிக்கட்டும்."

கிளம்பும்போது அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சேலை கீலைன்னு கரைச்சுப்போடாதீங்க அம்மணி. கண்ணுல பாக்கற மாதிரி ஒண்ணு வாங்குங்க."

எனக்கு என்ன ஆசை என்று அண்ணனுக்குத் தெரியும். பத்து வயதில் எனக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அப்பா சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து, உழவு முடிந்த காட்டில் என்னை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைக் கையில் தருவார். அப்புறம் மடியிலிருந்து இறங்கி நானே ஓட்டினேன். நான் பெரியவளானதும் அப்பா டிராக்டர் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அதோடு அது நின்றுபோனது. முப்பத்தாறு வயதில், திருச்சி ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். வண்டியில்லாத லைசென்ஸ். அதைப் பீரோவில் வைத்துவிட்டுத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

கார் வாங்குவது என்று முடிவானதும் எந்தக் கார் என்ற பேச்சு வந்தது. அந்தக் காலத்தில் சின்னக் கார் என்றால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். எங்கள் தெருவிலேயே நாலு நின்றது. எந்த முக்கிலும் அதைப் பிரித்துப் போடத் தெரிந்த ஆள் இருந்தார். பழைய வண்டியாக விற்றாலும் விலை இறங்காது. அதே சமயம் வெளிநாட்டுப் பெயர் தாங்கிய சின்னக் கார்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. அவிநாசி ரோட்டில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒன்று நின்றிருந்தது. கரும்பச்சை நிறம். காலையில் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவேன்.

அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையில்தான் அவ்வளவு வித்தியாசம். கணவர் இரண்டு வாரம் விசாரித்தார். மில்லில் கார் வைத்திருந்த எல்லோரிடமும் கேட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"ரெண்டுலயும் நாலு பேருதான் உக்காரலாம். ரெண்டும் அதே ரோட்டுலதான் போகும். அந்தப் பச்ச வண்டிக்குச் சாமான் பம்பாயிலிருந்து வரோணும். ஒரு கண்ணாடி ஒடைஞ்சா ஒரு மாசம் நிக்கோணும். முன்னால ஒட்டியிருக்கற முத்திரைக்குத்தான் அந்த வெலை. அதை ரசம் வெச்சா குடிக்கப் போறோம்?"

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நான் அந்தக் கடைக்குள் போய் வண்டியின் கதவைத் திறந்து சாத்திப் பார்த்திருந்தேன். தெருவில் நின்ற கார்களின் கதவைச் சாத்தினால் எண்ணெய் டின்னைத் தட்டியதுபோலச் சத்தம் வரும். இதைச் சாத்தினால் பெரிய பீரோவைச் சாத்தியதுபோல ஒரு கனம் இருந்தது. சீட்டில் உட்கார்ந்தால் முதுகை யாரோ தாங்கிப் பிடித்ததுபோல இருந்தது. இந்த இரண்டுக்காக அவ்வளவு விலையா என்று கேட்டால் சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தும் அதுதான் வேண்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக, தேவையைப் பார்க்காமல் ஒன்றின்மேல் ஆசைப்பட்டேன். அப்பாவின் காட்டை விற்ற காசு என்பது அவ்வப்போது உறுத்தும். அண்ணனே சொல்லிவிட்டாரே என்று அந்த உறுத்தலைத் தள்ளிவைத்துவிடுவேன்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று கடையில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை. விற்பனைக்காரர் என் வயதுதான் இருப்பார், டை கட்டியிருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மெதுவாப் போங்க மேடம், பிரேக் நல்லாப் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று என்றுதான் கிளம்பினோம். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது. எனக்குத் திரும்ப மனமில்லை.

"எங்க அண்ணன் தோட்டம் சத்தி ரோட்டுல இருக்குதுங்க. அவர்கிட்ட ஒரு தடவ காட்டிப்போட்டு வந்தறலாங்களா? அவர் சொன்னார்னா முடிவு பண்ணிருவேன்."

விற்பனை நடந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்றார்.

சரவணம்பட்டி தாண்டி மண் பாதையில் திரும்பியதும் தூரத்திலேயே தெரிந்தது. தென்னைகளுக்கு நடுவில் வெள்ளைப் புகைபோல ஒன்று எழும்பி நின்றது. கிட்டப் போனபிறகுதான் அது கல் மாவு என்று தெரிந்தது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் சத்தத்தில் கார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. தென்னை மட்டைகள், தோட்டத்து வீடான சாளையின் ஓடு, கட்டியிருந்த எருமை எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூசியதுபோல மாவு படிந்திருந்தது. காய்ந்த மட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்பா இருந்தபோது அந்தத் தோப்புக்குள் வெயிலே விழாது.

அண்ணன் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கல் மாவு பட்டுப் புருவம்கூட வெளுத்திருந்தது. ஒரு நொடி எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. நிலம் வாங்கிய கல்லூரிக்காரர்கள் யாரோ வந்திருப்பதாக நினைத்து எழுந்து வந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான் இருப்பதைக் கண்டதும் அப்படியே நின்றார். அப்புறம் சிரித்தார். வெளுத்த முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் நிறமாகத் தெரிந்தன.

"நீயா ஓட்டிட்டு வந்தே? அங்கிருந்தா?"

"ஆமாங்ணா. வாங்கறதா இருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தூசிக் கை பட்டுவிடுமோ என்று பயந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. முன்னால் இருந்த முத்திரையைக் குனிந்து பார்த்தார். "எந்த ஊரு வண்டி இது?" என்று விற்பனைக்காரரைக் கேட்டார். அவர் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார்.

"ஒரு சுத்து கூட்டிட்டுப் போறியா?"

"போர் ஓடிட்டு இருக்குதுங்களே."

"அது ஓடட்டும். நான் பாத்துட்டு இருந்தா மட்டும் தண்ணி வந்துருமா?"

தோளில் கிடந்த துண்டை உதறி சீட்டில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். விற்பனைக்காரர் சாளை வாசலில் நின்றுகொண்டார். நானும் அண்ணனும் மட்டும் மெயின் ரோடுவரை போனோம். கண்ணாடியை ஏற்றியதும் போர் வண்டியின் இரைச்சல் அப்படியே அடங்கிவிட்டது. அண்ணன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "சத்தமே கேக்கலியே" என்றார். ரோட்டில் வேகம் எடுத்தேன். அவர் நான் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே வாங்கிரு கண்ணு. அந்த இன்னொண்ணு வேண்டாம். அது எல்லார்த்து ஊட்லயும் நிக்குது."

நாங்கள் திரும்பி வந்து சேர்ந்தபோது சத்தம் இல்லை. போர் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு ஆட்கள் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரம்கூடத் தட்டவில்லை. அண்ணன் காரிலிருந்து இறங்கி, துண்டை எடுத்து, சீட்டைக் கையால் தடவி ஒரு பொட்டு மாவு ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டார். அப்புறம்தான் குழியை நோக்கி நடந்தார்.

நான் சாளைக்குள் போனேன். அண்ணி அடுப்படியில் போர்க்காரர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பங்க அண்ணி போர் போட ஆரம்பிச்சீங்க?"

"இது மூணாவது."

"என்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"சொல்லக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. கார் வாங்கற நேரத்துல அவ மனசைக் கெடுக்கப்படாதுன்னாரு." கஞ்சியை வடித்தபடியே சொன்னார். "எங்க பங்கு பூராவும் அந்தக் குழிக்குள்ளதான் போயிருக்குதுங்க அம்மணி. ஒருத்தர் தேங்காய் வெச்சு நீரோட்டம் பாத்து இங்கன்னாரு. இன்னொருத்தர் மெசின் வெச்சுப் பாத்து அங்கன்னாரு. மூணும் புகையாப் போச்சு."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இருந்தது என்று சொல்லமாட்டேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் விற்பனைக்காரர் டையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே வந்தார். "உங்க அண்ணனுக்குப் பிடிச்சிருச்சு போலங்க மேடம். புக் பண்ணிரலாங்களா?" என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவிநாசி ரோட்டில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது என் சேலையிலும் அந்த வெள்ளை மாவு இருந்தது. நான் வண்டி பார்த்துக்கொண்டிருந்த அதே வாரங்களில்தான் அங்கே அவர் ஒவ்வொரு குழியாகத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். கதவுச் சத்தத்தைக் கேட்பதற்காக நான் இரண்டாவது தடவை கடைக்குப் போன நாளில் இரண்டாவது போர் பொய்த்திருக்கும். அப்படிக் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பங்கை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"குடு. நான் வேண்டாங்கல. ஆனா அவரு வாங்கமாட்டாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். அதே ஜவுளிக்கடைப் பை. அண்ணன் மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் என்னவென்று புரிந்துவிட்டது.

"எதுக்கு இதைத் தூக்கிட்டு வந்தே?"

"உங்களுக்கு இப்ப ஆவுமுங்ணா. இன்னொரு எடத்துல போட்டுப் பாருங்க. எனக்குக் கார் அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "இன்னொரு குழி வெட்டறதுக்கா? உன்ற காசையும் அதுக்குள்ளாற போடச் சொல்றியா?"

"தண்ணி வந்தாலும் வருமில்லீங்ளா?"

"வரலைன்னா?" என்றார். "எங்காசு மண்ணுக்குள்ள போயிருச்சு. உங்காசாச்சும் ரோட்டுல ஓடட்டும். எடுத்துட்டுப் போ."

அண்ணி டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பையை ஒரு தடவைதான் பார்த்தார். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது பை என் மடியில் கனத்தது. யாரும் தொடமாட்டேன் என்கிற பொருளைச் சுமந்துகொண்டு ஊருக்கும் தோட்டத்துக்கும் அலைகிறேன் என்று தோன்றியது.

அப்புறம் நான் செய்தது எனக்கு அப்போது ரொம்ப நியாயமாகத் தெரிந்தது. அவர் திருப்பி வாங்கமாட்டார். கார் வாங்காமல் விட்டாலும் விடமாட்டார், மாதாமாதம் என்னாச்சு என்று கேட்பார். ஆக வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கரும்பச்சை வண்டியை வாங்க என்னால் முடியாது. காய்ந்த தோப்புக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் எப்படி நிறுத்துவேன்? எல்லோர் வீட்டிலும் நிற்கிற வண்டியையே வாங்கிவிட்டால் ஆசையில் பாதியை விட்டதாக இருக்கும். பாதியை விட்டால் குற்றத்திலும் பாதி குறையும் என்று நினைத்தேன். கணவருக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் என் மனைவி கணக்கைப் புரிந்துகொண்டாள் என்று மில்லில் சொன்னாராம். வைகாசியில் வண்டி வந்தது. வெள்ளை நிறம். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். இருக்கிறதைக் கொடுங்கள் என்றேன்.

முதலில் தோட்டத்துக்குத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வருகிறேன் என்று முன்னாடியே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். எந்த வண்டி என்று சொல்லியனுப்பவில்லை. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சாளை வாசலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் அந்த வாசல் முழுக்க ஈரமாக இருந்ததைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தேன். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

வண்டி வளைந்து உள்ளே வந்ததும் அவர் முகம் மாறியதைக் கண்ணாடி வழியாகவே பார்த்தேன். எனக்குப் பின்னால் இன்னொரு வண்டி வருகிறதா என்பதுபோலப் பாதையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங், சீமை வண்டின்னு சொன்னீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இது நம்ம அரிசி மில்லுக்காரர் வெச்சிருக்கறதுதானுங்களே?"

"இதுவும் நல்ல வண்டிதானுங்" என்றார் அண்ணன். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. கற்பூரம் ஏற்றினார், வண்டிக்குப் பொட்டு வைத்தார், தேங்காய் உடைத்தார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து என்னை ஏற்றச் சொன்னார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தார். வந்தவர்கள் தேங்காய்ச் சில்லை வாங்கிக்கொண்டு கலைந்துபோனார்கள்.

"அந்த வண்டி என்னாச்சு கண்ணு?"

"இதுதான் மைலேஜ் எச்சாக் குடுக்குமாமுங்ணா. சாமான் எல்லாப் பக்கமும் கெடைக்கும். அவரும் இதுதான் நல்லதுன்னாரு."

"சரி."

"ஒரு சுத்து போலாம் வாங்க."

"இருக்கட்டும். மாட்டுக்குத் தீவனம் வெட்டோணும். இன்னொரு நாளைக்கு வாரேன்."

வெள்ளை வேட்டியோடு தீவனம் வெட்டப் போனார். நான் வண்டிக்குப் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவோரம் நிறுத்திச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

"ரெண்டு மாசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாருங்க. எந்தங்கச்சி இந்த வண்டி வாங்கறா, கதவைச் சாத்துனா சத்தமே வராதுன்னு. போர் பொய்ச்சுது, போர் பொய்ச்சுதுன்னு கேட்டவங்ககிட்டல்லாம் இந்தக் காரைப் பத்தித்தான் பேசுனாரு. அவருக்கு வேற என்ன இருந்துச்சு பேசறதுக்கு? நீங்க அவருக்காகப் பாவப்பட்டு இதை வாங்கிப்போட்டீங்க. அது அவருக்குத் தெரியாதுங்களா? தெரியும். உங்கண்ணன் தோத்துப்போயிட்டாருன்னு நீங்களே முடிவு பண்ணுன மாதிரி ஆயிருச்சுங்க அம்மணி."

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிங்காநல்லூர்வரை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் மகள் ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கணவர் எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார். அவர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். சிறுவாணித் தண்ணீர் கொட்டியது. உடனே மூடிவிட்டேன்.

வண்டியைப் பொறுத்தவரை கணவர் சொன்னதெல்லாம் பலித்தது. நான் வேண்டாம் என்று விட்ட அந்த மாடல் அதிக காலம் விற்பனையில் இல்லை. புது மாடல்கள் வந்து அதைத் தள்ளிவிட்டன. அதை வாங்கியிருந்த எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், விற்கப்போனால் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளில்லை என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பினார். "நீங்க புத்திசாலி மேடம், அன்னிக்கே யோசிச்சு வாங்குனீங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் வேறு யாருடைய பேனாவோ இருப்பதைப் பார்த்து நல்ல பேனா என்று பாராட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் யோசித்து வாங்கவில்லை. அந்த வண்டி நல்லதா கெட்டதா என்று நான் கடைசியில் பார்க்கவே இல்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. முதல் ஏழெட்டு மாசம் அண்ணன் என் காரில் ஏறவில்லை. நான் மாதத்துக்கு ஒருமுறையாவது தோட்டத்துக்குப் போவேன். நல்லபடியாகத்தான் பேசுவார். காய்கறி, தேங்காய் எல்லாம் டிக்கியில் அவரே வைப்பார். கிளம்பும்போது நான் வண்டியைப் பின்னால் எடுக்க, பாதையைப் பார்த்து வழி சொல்வார். ஏறச் சொன்னால் மட்டும் ஒரு வேலை வந்துவிடும். டவுனுக்கு வர வேண்டியிருந்தாலும் பஸ்ஸிலேயே வந்து போனார். ஒருமுறை நான் சரவணம்பட்டியில் போய்க்கொண்டிருந்தபோது அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். வண்டியை ஓரம் கட்டி ஹாரன் அடித்தேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா, பஸ் வந்துவிட்டதால் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மிச்சம் பிடித்த பணம் பேங்கில் அப்படியே கிடந்தது. அதை எதற்குச் செலவழித்தாலும் தப்பாக இருக்கும் என்று தோன்றியது.

அந்த வருஷம் அண்ணன் நாலாவது போர் போடவில்லை. பட்டுப்போன தென்னைகளை வெட்டிவிட்டு, மானாவாரியாகச் சோளம் விதைத்தார். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. சோளத்தட்டு ஆள் உயரம் வளர்ந்தது. தீவனம் இருக்கிறது, மாடு சேர்க்கலாம் என்று அண்ணி சொன்னாராம். இருந்த எருமையோடு இரண்டு பசுவைச் சேர்த்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தார்கள். தோப்பு போன இடத்தில் தொழுவம் வந்தது. அது அவருக்குக் கைகொடுத்தது.

தை மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு ஃபோன் அடித்தது. அண்ணன்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேசினார்.

"ஞாயித்துக்கெழம உன்ற வண்டி சும்மாதான் நிக்குமா கண்ணு?"

"நிக்குமுங்ணா."

"அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு பால் மாடு இருக்குதுன்னு சொன்னாங்க. பாத்துட்டு வரலாம்னு. உனக்குச் சிரமமில்லைன்னா."

சிரமமா என்று சிரித்தேன். ஃபோனை வைத்தபிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்து, சீட்டைத் தானே பின்னால் தள்ளிக்கொண்டார். கோவில்பாளையம் தாண்டும்வரை பால் விலை, புண்ணாக்கு விலை என்று பேசிக்கொண்டு வந்தார். அன்னூர் தாண்டியதும், "பரவால்லியே, நல்லாத்தான் போகுது" என்றார்.

"அன்னைக்கு நீங்க ஏறவே இல்லீங்களே."

"ஏறத் தோணல." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எம்போர் பொய்ச்சதுக்கு நீ எதுக்கு உன்ற ஆசையக் கொறைச்சுக்கோணும்? மூணு குழியும் வீணாப் போச்சு, உனக்குக் குடுத்தது மட்டும் முழுசா நிக்கட்டும்னு நெனச்சுட்டு இருந்தேன். அதையும் நீ பாதியா வெட்டிப்போட்டே."

"எனக்குக் குத்தமா இருந்துச்சுங்ணா. உங்களை அந்த மாவுல பாத்துப்போட்டு அதை வாங்க முடியல."

"சரி, இதை வாங்குனியே. குத்தம் கொறைஞ்சுதா?"

"இல்லீங்ணா. எச்சா ஆயிருச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரில் ஒரு பஞ்சு லாரி வந்தது. அதற்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கிப் போனேன்.

மாடு அவருக்குப் பிடிக்கவில்லை. மடி சரியில்லை என்றார். விற்கிறவர் விலையைக் குறைத்துப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. வெறும் கையோடு திரும்பினோம். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தச் சொன்னார். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் வண்டி எதிரில் வெயிலில் நின்றது. அதேபோல இன்னும் இரண்டு வெள்ளை வண்டிகள் பக்கத்தில் நின்றன. எது நம்முடையது என்று கேட்டு அண்ணன் கிண்டல் செய்தார்.

காசு கொடுக்க நான் எழுந்தேன். சின்ன வயதிலிருந்து அவர் இருக்கும்போது நான் எங்கேயும் காசு கொடுத்ததில்லை, அவர் விட்டதும் இல்லை. அன்றைக்கு அவர் கை சட்டைப் பையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்ததைக் குடிக்க ஆரம்பித்தார். நான் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.